அறுபத்திநாலுக்குச் சைபர்

போன கிழமை தர்ஷினி போன் எடுத்தாள். மட்டக்களப்பு நகரில், வாவிக்கரையோரம், நான் முப்பத்தொரு வருசம் வேலை செய்த ஒலிப்பதிவு ஸ்ரூடியோவை இப்போது நடத்துகிறவள் அவள்தான். கெட்டிக்காரி. ஆனால் பழைய சாமான் எதைக் கண்டாலும் தூசு தட்டித் திருத்தி வைக்காவிட்டால் அவளுக்கு நித்திரை வராது.

"அங்கிள், உங்கட பழைய ஃபைல் ஒண்டுல பிழை இரிக்கு. கடைசியில பெடல் அமத்தினதுக்குச் செய்தி இரிக்கு, எடுத்ததுக்கு இல்ல. ஓட விட்டா கடைசிச் சத்தம் நிக்காம இழுபடுது. புது சொஃப்ட்வெயார் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுது. ஒரு கிளிக்தான், சரியாப் போயிரும். பண்ணட்டா?"

"தொட்டிடாத பிள்ள!"

நான் போட்ட சத்தத்தில் குசினிக்குள் நின்ற மனைவி வெளியே வந்துவிட்டா.

"ஏன் அங்கிள்? அது என்ன ஃபைல்?"

"பேர் என்ன எண்டு போட்டிரிக்கு?"

"உன்னிச்சை எண்டு."

கேட்காமலே எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை, எழுதித் தருகிறேன், அதுவரைக்கும் கை வைக்காதே என்று சொல்லி வைத்தேன். எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. என் உத்தியோகம் முழுக்கக் கையால் செய்ததுதான், ஆனால் இடது கையால்.

முதலில் அந்த உத்தியோகம் என்னவென்று சொல்லவேண்டும். மிடி கீபோர்ட்டை ஆர்மோனியத்தின் தம்பி என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. கட்டையை அமத்தினால் 'டக்' என்று தட்டுகிற சத்தம் மட்டும்தான். எந்தக் கட்டையை, எவ்வளவு பலமாக அமத்தினார்கள், எப்போது விட்டார்கள் என்று அது வயர் வழியே செய்தி அனுப்பும். மறுபக்கத்தில் மொடியூல் என்ற பெட்டி அந்தச் செய்தியை வாங்கி, குழலாகவோ வயலினாகவோ சத்தம் போடும். கட்டைகளைத் தவிர, இடது பக்கத்தில் சுரத்தை வளைக்கிற சில்லு, ஒரு சின்னச் சக்கரம், உண்டு. சத்தத்தை ஏற்றி இறக்கத் தள்ளுகிற குமிழ் உண்டு. காலடியில் பெடல் உண்டு. இவை அனுப்புகிற செய்திகளைத்தான் நாங்கள் கன்ட்ரோல் என்போம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பெடலுக்கு அறுபத்திநாலு. அமத்தினால் அறுபத்திநாலுக்கு நூற்றிருபத்தேழு என்று செய்தி போகும். காலை எடுத்தால் அறுபத்திநாலுக்குச் சைபர் என்று போகும். அந்தச் சைபர் போய்ச் சேராவிட்டால், விரலை எடுத்த பிறகும் சத்தம் நிற்காது. குழல் ஊதுகிற மனிதனுக்கு மூச்சு முட்டும். பெட்டிக்கு முட்டாது.

நான் தன்னாமுனைக்காரன். இருபது வயதில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டித் திரிந்தபோது சூசை மாஸ்டர் என்னைக் கண்டு ஸ்ரூடியோவுக்குக் கூட்டி வந்தார். முதல் நாலு வருசம் வயர் சுற்றினேன், ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஊற்றினேன், வாசிக்கப் பழகினேன். வாசிப்பு வரவில்லை. என் விரல்கள் தடிப்பு, ஒன்றை அமத்தினால் ரெண்டு அமரும். ஆனால் காது சுத்தம், இடது கை நிதானம். அதை மாஸ்டர்தான் கண்டுபிடித்தார். எங்கள் பாட்டுக்குக் கமகம் வேண்டும். கட்டையில் கமகம் வராது, சில்லை வளைத்தால்தான் வரும். ரெண்டு கையாலும் வாசிக்கிறவர்களுக்குச் சில்லைத் தொட மூன்றாவது கை இல்லை. அதனால் முதலில் அவர்கள் வாசித்துப் பதிவார்கள். பிறகு நான் இருந்து, பதிந்ததை ஓடவிட்டு, காதால் கேட்டுக்கொண்டே சில்லையும் குமிழையும் பெடலையும் இயக்கி, கன்ட்ரோலை மட்டும் வேறொரு தடத்தில் பதிவேன். மூன்றாவது கை நான்தான். இதை வீட்டில் விளங்கப்படுத்த முடியாமல், "ஸ்ரூடியோவில வேலை" என்று மட்டும் சொல்லிக் கல்யாணமும் கட்டிவிட்டேன்.

மாஸ்டர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி, போட்டிருக்கிற சேட்டு நுனியால் துடைத்து, திரும்பப் போடுவார். அவ்வளவுதான். அந்தத் துடைப்பு முடிவதற்குள் நமக்கு வியர்த்துவிடும். திங்கட்கிழமை காலையில் எல்லாருடைய நகத்தையும் பார்ப்பார். மீன் கறி சாப்பிட்ட கையோடு கீபோர்ட்டுக்குக் கிட்டப் போக முடியாது. வேலை முடிந்து எழும்பும்போது செய்ய வேண்டியதை எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்லித் தந்தார்.

"முதல் அறுபத்திநாலுக்குச் சைபர் அனுப்பு. மறுகா நூற்றிருபத்திமூணு அனுப்பு. அதுதான் எல்லாச் சத்தத்தையும் விடச் சொல்லுற செய்தி. ஒழுங்கு மாறப்படா. பெடல் கீழ இரிந்தா நூற்றிருபத்திமூணையும் பெட்டி கேக்கா."

நான் தலையாட்டினேன். கதவடியில் போய் நின்று திரும்பிப் பார்த்தார்.

"கைய எடுத்தாப்போல எல்லாம் முடிஞ்சி போயிற்று எண்டு நினைக்கப்படா, பாக்கியம்."

அவருடைய இன்னொரு ஒழுங்கைப் பற்றியும் சொல்லவேண்டும், இந்தக் கதையே அதில்தான் மாட்டிக்கொண்டது. எங்களிடம் இருந்த சீக்குவென்சர், அதாவது இந்தச் செய்திகளைப் பதிந்து வைக்கிற மெசின், மிகப் பழையது. நிறுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். பிளொப்பியில் சேமிக்கவேண்டும். சில்லை ஒருதரம் வளைத்தால் நூற்றுக்கணக்கில் செய்தி ஓடும், பிளொப்பி நிறைந்துவிடும். அதனால் நோட்ஸ், அதாவது கட்டைகளின் செய்தி, ஒரு பிளொப்பியில், கன்ட்ரோல் இன்னொன்றில் என்று பிரித்து வைப்போம். ஒருமுறை ஓர் இளைஞர் ஸ்ரூடியோவில் விட்டுப்போன மெட்டு, ஒரு மாதத்தில் வேறோர் இசைக்குழுவின் மேடையில் கேட்டது. அதற்குப் பிறகு மாஸ்டர் சட்டம் போட்டார். நோட்ஸ் பிளொப்பியை மெட்டுப் போட்டவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கன்ட்ரோல் பிளொப்பி எங்கள் இரும்பு அலுமாரியில் இருக்கும். அடுத்தமுறை அவர் கொண்டுவந்தால்தான் ரெண்டையும் சேர்த்து முழுப்பாட்டாக்கலாம். ஒன்றில்லாமல் மற்றது உதவாது. நேர்மையான சட்டம்தான். மாஸ்டரில் பிழை சொல்ல எனக்கு வாய் இல்லை.

கிருபா எங்கள் ஸ்ரூடியோவின் வாசிப்புக்காரி. பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர், ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்த கோயிலில் ஓகன் வாசிப்பவ. கோயில் பாட்டு, திருவிழாப் பாட்டு, கண்ணிவெடி கவனம் என்று நிறுவனங்கள் போடச்சொன்ன பாட்டு, எல்லாம் ரெண்டு தரத்தில் வாசித்து முடித்துவிடுவா. வீடு நாவலடியில், ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. வீட்டில் வைத்துப் பழகுவதற்கு மாஸ்டர் ஒரு பழைய கீபோர்ட்டைக் கொடுத்திருந்தார். மொடியூல் இல்லை, சத்தமும் இல்லை, கட்டை மட்டும். அவவின் கணவர் நேசன் உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் திறந்துவிடுகிற வான்கதவு பார்க்கிறவர். மாரி காலத்தில் பத்துப் பதினைந்து நாள் வீட்டுக்கு வரமாட்டார்.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, இரண்டு நாள் முன்பு, பின்னேரம் மூன்று மணி போலக் கிருபா தனியாக வந்தா.

"அண்ணன், இது எனக்குச் சொந்த வேலை. ஒரு குழல் மெட்டு. தையில எங்கட கல்யாணத்துக்குப் பத்தாம் வருசம் வருது. அவருக்குச் சொல்லாதீங்க."

"பேர் வைச்சாச்சா?"

"உன்னிச்சை." வெட்கத்தோடு சிரித்தா. "அவர் எந்த நேரமும் அந்தக் குளத்தக் கட்டிப்பிடிச்சிட்டு இரிக்காரு. பேரையாவது நான் வைச்சிக்கிறன்."

மூன்று நிமிசத்துக்குக் கொஞ்சம் கூடின மெட்டு. சொல் இல்லை. ஒரே தரத்தில் வாசித்துவிட்டா. பிறகு நான் கன்ட்ரோல் பதிய உட்கார்ந்தேன். அவ பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தா.

என் மகளின் நத்தார்ச் சட்டை தையற்காரரிடம் இருந்தது. அவர் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார், நத்தார் முடியும் வரை திறக்கமாட்டார். தன்னாமுனைக்குப் போகிற பஸ்ஸும் அப்போதெல்லாம் இருட்டுப்பட முதலே கடைசி. நான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் சில்லை வளைத்தேன். முடிவில் குழல் ஒரு சுரத்தில் நீண்டு நிற்கும். பெடலை அமத்தி, அது முடிகிறது என்று தெரிந்ததும், காலை எடுக்க முதலே பதிவை நிறுத்தி, பிளொப்பியைத் தள்ளிச் சேமித்துவிட்டேன். அறுபத்திநாலுக்குச் சைபர் பதிவில் ஏறவில்லை. அப்போது அதைக் கவனிக்கக்கூட இல்லை.

"அண்ணன், ரெண்டையும் ஒண்டாச் சேத்து இஞ்சயே வைச்சிருங்களன். எங்கட வீட்டுல உப்புக் காத்து. போனமுறையும் ஒரு பிளொப்பி பழுதாப் போச்சி."

சேர்க்க இருபது நிமிசம் ஆகும். ஒன்றை ஏற்றி, மற்றதை ஏற்றி, தடம் தடமாகச் சேர்த்து, புதுப் பிளொப்பியில் சேமித்து, ஒருதரம் ஓடவிட்டுச் சரிபார்க்க வேண்டும். மணி நாலே முக்கால்.

"ஒரு கிழமைதானே தங்கச்சி. நத்தார் முடிய வாங்க, ஆறுதலா இரிந்து சேப்பம். மாஸ்டரின்ட சட்டமும் தெரியும்தானே."

"ஓம், அதுவும் சரிதான்" என்று சொல்லி, நோட்ஸ் பிளொப்பியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனா. நான் மெசினை நிறுத்திவிட்டு ஓடினேன். சட்டை கிடைத்தது. நீலச் சட்டை, கழுத்தில் வெள்ளைப் பின்னல்.

நத்தாருக்கு அடுத்த நாள் காலையில் கடல் வந்தது. அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள், நான் எழுதவில்லை. நேசன் நத்தாரன்று பின்னேரமே கடமைக்குத் திரும்பியிருந்தார், குளம் நிரம்பி வான்கதவு திறந்திருந்த நேரம். அதனால் அவர் மிஞ்சினார். கிருபாவை மூன்றாம் நாள் வாவிப் பக்கத்தில் எடுத்தார்கள். வீடு நின்ற இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் இருந்தது. ஸ்ரூடியோவுக்குப் படி வரைதான் தண்ணீர் வந்தது. இரும்பு அலுமாரி நனையவே இல்லை.

மாசி மாதக் கடைசியில் நேசன் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அண்ணன், அவ ஏதோ பாட்டுச் செய்ததாம். பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒராள் சொன்னா. எனக்காண்டியாம். இரிக்கா?"

"நோட்ஸ் அவவோட போயிற்று தம்பி. இஞ்ச இல்ல."

இது உண்மை. அவ சேர்த்து வைக்கச் சொன்னதையும், இருபது நிமிசத்தையும், நீலச் சட்டையையும் நான் சொல்லவில்லை.

"நீங்க கேட்டனீங்கதானே. எப்பிடி இரிந்தது?"

அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் நான் வெட்கப்படுகிறேன். அந்த மெட்டை நான் மூன்று தரம் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு காது மெட்டில், மற்றக் காது பஸ்ஸில். ஒரு வரி முணுமுணுத்துக் காட்டக்கூட என்னிடம் இல்லை.

"நல்லா இரிந்தது" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பிறகு சண்டை மறுபடி எங்கள் பக்கம் வந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரை முழுதும் இடம்பெயர்ந்து, உன்னிச்சைச் சனமும் நகரத்துப் பக்கம் முகாம்களுக்கு வந்தார்கள். ஒரு முகாமில் சுகாதாரப் பாட்டுப் போடுவதற்கு ஒலிபெருக்கி கட்டப் போனேன். தண்ணீர் வரிசையில் மஞ்சள் பிளாஸ்ரிக் கானோடு நேசன் நின்றார். நான் ஒலிபெருக்கிப் பெட்டியின் மறுபக்கம் போய், இல்லாத வயர் ஒன்றைத் தேடினேன். வரிசை நகரும் வரை தேடினேன். அவர் என்னைக் காணவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

மாஸ்டர் அதற்கு அடுத்த வருசம் காலமானார். அதற்கு அடுத்த வைகாசியில் யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. தெருவில் சிலர் பட்டாசு கொளுத்தினார்கள். எங்கள் வீட்டுச் சந்தில் வன்னிக்குப் போன பிள்ளையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய் வீடு வீடாக விசாரித்தா. பாட்டுப் பதிய யாரும் வரவில்லை. சும்மா இருந்த நாளில்தான் பழைய பிளொப்பிகளைக் கம்பியூட்டருக்கு மாற்றத் தொடங்கினேன்.

அலுமாரியின் அடித்தட்டில் அது இருந்தது. கிருபாவின் உருண்டை எழுத்தில் 'உன்னிச்சை, குழல்'. கீழே என் கிறுக்கலில் 'கன்ட்ரோல்'.

மெசினில் போட்டு ஓடவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, நோட்ஸ் இல்லையே. ஆனால் சின்னக் கண்ணாடித் திரையில் எண்கள் ஓடின. சத்தம் ஏறுகிறது, இறங்குகிறது. பெடல் கீழே, மேலே. சில்லு வளைகிறது, நிமிர்கிறது. மூன்று நிமிசம் முழுவதும் ஒரு பாட்டு சத்தமில்லாமல் என் முன்னால் ஓடி முடிந்தது. மதியச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமல் அப்படியே இருந்துவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் பின்னேரத்தில் அதனோடு இருந்தேன். எவ்வளவு வளைத்தேன் என்பது பதிவில் இருக்கிறது. எந்தச் சுரத்திலிருந்து வளைத்தேன் என்பது இல்லை. முதல் கிழமை ஒன்றும் வரவில்லை. பிறகு ஒருநாள், வயரைக் கழற்றிவிட்டு, சும்மா சில்லில் கையை வைத்து, திரையில் ஓடுகிற எண்ணுக்குச் சரியாக வளைத்துக்கொண்டு போனேன். பத்தாவதோ பன்னிரண்டாவதோ தரம், நாலாவது வளைவில், என் வாய் தானாக ஒரு சுரத்தைப் பிடித்தது. காது மறந்ததைக் கை வைத்திருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது, மறைக்கவில்லை, மறைக்க அங்கே யாரும் இல்லை.

மூன்று கிழமையில் மெட்டு வந்தது. வந்ததை எல்லாம் என் தடித்த விரலால் ஒவ்வொன்றாகத் தட்டி நோட்ஸாகப் பதிந்தேன். எல்லாம் அப்படியே அவவுடையது என்று சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் நடுவில் பன்னிரண்டு செக்கன் மட்டும் வரவே இல்லை. அந்த இடத்தில் கன்ட்ரோலே இல்லை. சில்லை நான் தொடவில்லை, குமிழைத் தொடவில்லை. அந்தப் பன்னிரண்டு செக்கனும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியும். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் சொந்தச் சுரங்களைப் போட்டு அடைத்துப் பார்த்தேன். அடுத்த நாள் கேட்டபோது ஊத்தையாக இருந்தது. அழித்தேன்.

உன்னிச்சைக்குப் போகிற பஸ்ஸில் நேசனுக்குச் சொல்லியனுப்பினேன். படுவான்கரைக்குப் பாதை திறந்து, சனம் திரும்பக் குடியேறியிருந்த காலம். நாலாம் நாள் காலையில் நேசன் சைக்கிளில் வந்தார். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. இந்தமுறை இருக்கச் சொல்ல முதலே இருந்தார்.

"நோட்ஸ் போனதுதான் தம்பி. நான் கையால கன்ட்ரோல் போட்டது மட்டும் இரிந்தது. அதப் பிடிச்சி எடுத்தன். நடுவுல ஒரு இடம் ஏலாமப் போச்சி. அது சும்மா இரிக்கும்."

ஓடவிட்டேன். குழல் தொடங்கியது. அவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். நடு இடம் வந்தது. குழல் நின்றது. அந்த அமைதிக்குள் அவருடைய விரல்கள் முழங்காலில் தட்டத் தொடங்கின. தட்டி முடிய, சொல்லிவைத்த மாதிரி, குழல் திரும்பத் தொடங்கியது.

நான் ஓட்டத்தை நிறுத்தினேன். "தம்பி, அது என்ன தட்டினீங்க?"

"தெரியா அண்ணன், அது தானா வந்திற்று." தன் கையையே பார்த்தார். "வீட்டுல சத்தமில்லாத கீபோட்டுத்தானே. நான் முன்னுக்கு இரிந்து தேத்தண்ணி குடிப்பன், அவ அறைக்குள்ள இரிந்து தட்டுவா. பாட்டு எண்டு எனக்கு ஒண்டும் கேட்டதில்ல. தட்டுறது மட்டும்தான். ஒரு இடத்துல எந்த நாளும் பிழைக்கும், திருப்பித் திருப்பித் தட்டுவா. என்ன பிள்ள கதவுல ஆணி அடிக்கிறயா எண்டு பகிடி பண்ணுவன்."

அவ கஷ்டப்பட்டுப் பழகிய இடம் அதுதான். நான் தவற விட்ட இடமும் அதுதான்.

கீபோர்ட்டின் வயரைக் கழற்றினேன். கிருபா இருந்து வாசித்த கதிரையை இழுத்துப் போட்டேன். கட்டைகளுக்குக் கிட்ட மைக்கை வைத்தேன். "சத்தம் வராது. வீட்டுல கேட்ட மாதிரியே தட்டுங்க" என்றேன். அவர் கையைச் சேட்டில் துடைத்துக்கொண்டு, ஒரே கட்டையில், பன்னிரண்டு செக்கனும் தட்டினார். இரண்டாந் தரத்தில் சரியாக விழுந்தது. அதைக் கம்பியூட்டரில் அந்த இடத்தில் வைத்தேன்.

பிறகு வயரைத் திரும்ப மாட்டி, முதலிலிருந்து ஓடவிட்டோம். குழல் வந்தது. நடுவில் குழல் விலகி, டக், டக்கடக் என்று கட்டை தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. அடுத்த அறையில் யாரோ பழகுகிற சத்தம். பிறகு குழல் திரும்ப வந்து, கடைசிச் சுரத்தில் ஏறி நின்றது.

நின்றுகொண்டே இருந்தது.

"முடிவு எப்ப அண்ணன்?" நேசன் என்னைப் பார்த்தார். "ஏன் நிக்குதில்ல?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மெசின் பழசு என்றால் நம்பியிருப்பார். என்னால் முடியவில்லை. அந்தச் சத்தம் அறைக்குள் நின்றபடியே இருக்க, எல்லாவற்றையும் சொன்னேன். பெடலிலிருந்து காலை எடுக்க முதலே நிறுத்தியதை, அவ ரெண்டையும் சேர்த்து வைக்கச் சொன்னதை, உப்புக் காற்று என்று சொன்னதை, நான் ஓடியதை, சட்டையை.

"சேக்க எவ்வளவு நேரம் செல்லும்?"

"இருபது நிமிசம்."

"இருபது நிமிசம்" என்று அவரும் சொன்னார். எழும்பி ஜன்னலடிக்குப் போனார். வெளியே வாவியில் ஒரு தோணி போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்தார். குழல் நிற்கவில்லை.

"அண்டைக்கு வந்து கேட்டனே அண்ணன். சொல்லியிரிக்கலாமே."

நான் பிளொப்பியில் இருந்த கிருபாவின் எழுத்தைப் பார்த்தேன்.

"கேம்பிலயும் உங்களக் கண்டனான். வயர் தேடினீங்க."

என் கை கீபோர்ட்டுக்குப் போனது. அறுபத்திநாலுக்குச் சைபர் அனுப்பினால் சத்தம் நின்றுவிடும். எனக்கு அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை.

"விடுங்க" என்றார். திரும்பாமலே சொன்னார். "நிப்பாட்டாதீங்க. நான் போறன். ரோட்டுல ஏறினாப் பொறகு நிப்பாட்டுங்க. அது நிக்கிறத நான் கேக்கப்படா."

கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். சைக்கிள் ஸ்ராண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது, வாசல் கேற் சாத்துவது கேட்டது, மணி ஒருதரம் கேட்டது. நான் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு கையால் அனுப்பினேன். மாஸ்டர் சொல்லித் தந்த ஒழுங்கில், முதல் அறுபத்திநாலு, பிறகு நூற்றிருபத்திமூன்று. ஃபைலில் அதை எழுதவில்லை.

அவர் என்னை மன்னித்தார் என்று நான் எழுதமாட்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த தையில் வந்தார். அதற்கடுத்த தையிலும் வந்தார். ஒருதரம் கேட்பார், தேத்தண்ணி குடிக்கமாட்டார், கடைசிச் சுரம் நிற்கும்போதே எழும்பிப் போவார். நான் ஓய்வு பெற்ற பிறகும் தையில் ஒருநாள், தர்ஷினி வராத ஞாயிற்றுக்கிழமையில், ஸ்ரூடியோவைத் திறந்து கொடுத்து வந்தேன். இந்த வருசம் எனக்கு முழங்கால் ஏலாது. தன்னாமுனையிலிருந்து பஸ் ஏற மனைவி விடமாட்டா.

ஆகவே தர்ஷினி, இனி இது உன் வேலை. சிவப்புக் கோட்டை அப்படியே விடு. தையில் நரைத்த தலையோடு ஒருவர் சைக்கிளில் வருவார், பெயர் கேட்காதே. கதிரையைப் போட்டு, ஃபைலை ஓடவிட்டு, பக்கத்தில் சும்மா இரு. நடுவில் கட்டை தட்டுகிற இடத்தில் அவர் விரலும் தட்டும், அதைப் பார்க்காதே. கடைசிச் சுரம் எவ்வளவு நேரம் இழுபட்டாலும் கம்பியூட்டரைத் தொடாதே. கேற் சாத்துகிற சத்தம் கேட்கும், சைக்கிள் மணி ஒருதரம் கேட்கும். இன்னும் கொஞ்சம் பொறு. அதற்குப் பிறகு, கையால், அறுபத்திநாலுக்குச் சைபர் அனுப்பு.